படத்தை டெஸ்க்டாப் ஐகானாக மாற்றுவது எப்படி: மங்காமல், வெள்ளைப் பெட்டி இல்லாமல், காணாமல் போகாமல்

அம்மாவின் கணினியில் இருபது ஃபோல்டர்களுக்கு மேல் இருந்தன. எல்லாம் ஒரே மஞ்சள். கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்க ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் தேடுவார். மின்கட்டண ரசீதுகள் இருக்கும் ஃபோல்டருக்கு ஒரு பல்பு, மருத்துவ அறிக்கைகளுக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப், பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு அவர்களுடைய முகமே என்று வைத்துக் கொடுத்தால் எழுத்தைப் படிக்காமலேயே கண்டுபிடித்துவிடுவாரே என்று உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது, மூன்று மாலைகளை எடுத்துக்கொண்டது.

முதல் நாள் செய்த ஐகான்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டாம் நாள் அதைச் சரிசெய்தேன், என் திரையில் அழகாக இருந்தது, அம்மாவின் கணினியில் வைத்தால் நனைந்த தாளில் அச்சடித்தது போல மங்கல். மூன்றாம் நாள் மங்கலும் போனது. ஒரு வாரம் கழித்து ஃபோன் வருகிறது, "எல்லாம் மறுபடி மஞ்சளாகிவிட்டது" என்று. இந்த மூன்றும் உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. விண்டோஸில் ஐகான் கோப்பு என்பது ஒரு படம் இல்லை. ஒரே படத்தின் பல அளவுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு அது. தலைப்புப் பட்டைக்கு 16 பிக்சல், டாஸ்க்பாருக்கு 24, டெஸ்க்டாப்புக்கு 48, பெரிதாக்கிப் பார்க்கும்போது 256 என்று, எந்த இடத்தில் காட்ட வேண்டுமோ அதற்கு ஏற்றதைக் கணினி அந்தக் கட்டிலிருந்து உருவிக்கொள்கிறது. சரியான அளவு உள்ளே இல்லையென்றால் வேறு ஒன்றை எடுத்துச் சுருக்கியோ இழுத்தோ காட்டும். மங்கல் அங்கேதான் பிறக்கிறது.

தொடங்கும் முன்: பொருள், செலவு, நேரம்

பணம் எதுவும் வேண்டாம். கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், அளவுகளைக் கட்டாகச் சேர்த்து ஐசிஓ (விண்டோஸின் ஐகான் கோப்பு வகை) கோப்பாகக் கொடுக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அதை வைத்துத்தான். நீங்களே கோடு போட்டு வரையப் போகிறீர்கள் என்றால் இங்க்ஸ்கேப்பும் இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். இரண்டையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

காசு கொடுத்து வாங்கும் தனி ஐகான் மென்பொருள்களும் இருக்கின்றன. பத்து இருபது ஐகான்களுக்காக அவை தேவையில்லை என்பது என் கருத்து.

நேரம்: முதல் ஐகானுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், மென்பொருளைப் பழகுவதும் சேர்த்து. இரண்டாவது ஐகான் நாற்பது நிமிடத்தில் முடியும். கை பழகிய பிறகு ஒன்றுக்கு இருபது நிமிடம், அதிலும் பாதி நேரம் 16 பிக்சல் அளவைக் கையால் திருத்துவதிலேயே போகும்.

கையில் இருக்க வேண்டிய கோப்பு ஒன்றே ஒன்று, மூலப்படம். அது குறைந்தது 512 பிக்சல் அகலமும் 512 உயரமும் இருக்கட்டும், 1024 என்றால் இன்னும் நல்லது. 100 பிக்சல் படத்தை இழுத்து 256 ஆக்கினால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

அப்புறம் ஒரு சின்ன ஏற்பாடு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய், கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டும் வசதியை (ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்) இயக்கிவிடுங்கள். அது மறைந்திருந்தால் உங்கள் கோப்பு உண்மையிலேயே ஐசிஓவா, பெயரில் மட்டும் ஐசிஓ என்று இருக்கும் பிஎன்ஜியா (சாதாரணப் படக் கோப்பு வகை) என்று தெரியாமல் ஒரு மணி நேரம் வீணாகும்.

1. எதற்கெல்லாம் ஐகான் மாற்ற முடியும் என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு வேர்டு கோப்புக்கு ஐகான் மாற்ற ரொம்ப நேரம் தேடினேன். விண்டோஸில் தனி ஒரு ஆவணத்துக்கு மட்டும் ஐகான் மாற்ற முடியாது, ஒரு வகைக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஐகான்தான். ஃபோல்டருக்கு மாற்றலாம். ஷார்ட்கட்டுக்கு மாற்றலாம். திஸ் பிசி, ரீசைக்கிள் பின் போன்றவற்றுக்குத் தனி வழி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆவணத்துக்குத் தனிப்படம் வேண்டுமென்றால் அந்த ஆவணத்துக்கு ஒரு ஷார்ட்கட் உருவாக்கி டெஸ்க்டாப்பில் வையுங்கள், ஷார்ட்கட்டின் ஐகானை மாற்றுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, இடது கீழ் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அவ்வளவுதான்.

அந்த அம்புக்குறியை நினைவில் வையுங்கள். படத்தின் முக்கியமான பகுதி அந்த மூலையில் இருந்தால் அம்பு அதை மூடிவிடும்.

2. சின்னதாகப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்

16 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம் என்றால் மொத்தமே 256 புள்ளிகள். 256 அளவுப் படத்திலோ 65,536 புள்ளிகள். பெரிய படத்தில் இருக்கும் இமை, புருவம், சட்டைப் பொத்தான் எதுவும் அந்த 256 புள்ளிகளுக்குள் உட்காராது. அதனால் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே திரையிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள், அல்லது படத்தைக் கடுகளவு சுருக்கிப் பாருங்கள். அப்போதும் "இது பல்பு" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது ஐகானுக்கு ஏற்ற படம்.

எது நன்றாக வரும் என்றால், தெளிவான வெளிவடிவம் உள்ள ஒற்றைப் பொருள், இரண்டு அல்லது மூன்று நிறம், நல்ல வெளிச்ச வேறுபாடு. எது வராது என்றால், நான்கு பேர் நிற்கும் குழுப்படம், இயற்கைக் காட்சி, எழுத்து உள்ள படம். எழுத்தை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ஒற்றை எழுத்து பரவாயில்லை, ஒரு முழு வார்த்தை என்றால் சின்ன அளவில் அழுக்குப் போலத்தான் தெரியும். பெயர்தான் ஐகானுக்குக் கீழேயே இருக்கிறதே.

முகத்தை ஐகானாக்குவதென்றால் தோள் வரைக்கும் வேண்டாம், நெற்றியிலிருந்து தாடை வரை நெருக்கமாக வெட்டுங்கள். என் அனுபவத்தில், முகப்படங்களுக்கு ஒரு வட்டமும் அதைச் சுற்றி ஒரு தடித்த நிற விளிம்பும் கொடுத்தால் பிரித்தறிவது எளிது. இரண்டு பேரன்களுக்கு இரண்டு நிற விளிம்பு கொடுத்தேன், அம்மா முகத்தைவிட நிறத்தை வைத்துத்தான் இப்போது திறக்கிறார்.

3. பின்னணியை நீக்குங்கள்

வெள்ளைப் பெட்டி ஏன் வந்தது என்றால், ஜேபெக் வகைப் படத்தில் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது. நீங்கள் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஜேபெக்காகச் சேமித்த உடனே வெற்றிடமெல்லாம் ஏதாவது ஒரு நிறத்தால் நிரம்பிவிடும். ஆகவே வேலை முடியும் வரை ஜேபெக் பக்கமே போகாதீர்கள், இடையில் சேமிக்க வேண்டுமென்றால் பிஎன்ஜி.

கிம்ப்பில் படத்தைத் திறந்ததும் லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) மெனு, டிரான்ஸ்பரன்சி, ஆட் ஆல்ஃபா சேனல். இதைச் செய்யாமல் அழித்தால் ஒளிபுகும் வெற்றிடத்துக்குப் பதிலாகப் பின்புல நிறம் வந்து நிற்கும். அப்புறம் ஃபஸ்ஸி செலக்ட் கருவியால் பின்னணியில் ஒரு சொடுக்கு, டெலிட். பின்னணி ஒரே நிறமாக இருந்தால் இது ஒரு நிமிட வேலை. புகைப்படம் என்றால் பாத்ஸ் கருவியால் சுற்றிலும் கோடு போட்டு வெட்டுவதே சுத்தமாக வரும், பொறுமை வேண்டும். விண்டோஸ் 11 இல் இருக்கும் புதிய பெயின்ட்டிலும் பின்னணியை நீக்கும் பொத்தான் வந்திருக்கிறது, எளிய படங்களுக்கு அது போதும், பிஎன்ஜியாகச் சேமித்துக் கிம்ப்புக்கு எடுத்துவாருங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, கட்டம் போட்ட போலிப் பின்னணி. இணையத்தில் பின்னணி இல்லாத படம் என்று தேடினால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள் தெரியும் படங்கள் வரும். அதில் பலவற்றில் அந்தக் கட்டம் படத்தோடு சேர்ந்து வரையப்பட்டதே. இறக்கித் திறந்து பார்த்தால் கட்டமும் கூடவே வந்திருக்கும். கண்டுபிடிக்கும் வழி: அந்தப் படத்துக்குக் கீழே கெட்டிச் சிவப்பில் ஒரு லேயர் போடுங்கள். கட்டம் மறைந்து சிவப்பு தெரிந்தால் உண்மையான வெற்றிடம்.

இரண்டாவது, வெள்ளை விளிம்பு. வெள்ளைப் பின்னணியிலிருந்து வெட்டிய பொருளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைத் திரையில் அது தெரியாது. கருநீலச் சுவர்ப்படம் வைத்த டெஸ்க்டாப்பில் போட்டதும் பளிச்சென்று தெரியும். பின்னணியைத் தேர்ந்த பிறகு அழிப்பதற்கு முன், செலக்ட் மெனுவில் குரோ போய் ஒரு பிக்சல் கூட்டிக்கொண்டு அழித்தால் அந்தக் கோடு பெரும்பாலும் போய்விடும். அதன்பின் கறுப்பு லேயர் ஒன்று, வெள்ளை லேயர் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கீழே போட்டுப் பார்த்துவிடுங்கள். பார்த்து முடித்ததும் அந்தச் சோதனை லேயர்களை மறக்காமல் நீக்குங்கள், இல்லையென்றால் அவையும் கடைசியில் ஐகானுக்குள் போய் உட்காரும்.

4. சதுரமாக்குங்கள்

ஐகானின் இடம் சதுரம். நீளப் படத்தை அப்படியே கொடுத்தால் சில இடங்களில் நசுங்கித் தெரியும். கிம்ப்பில் இமேஜ் மெனுவில் கிராப் டு கன்டென்ட் கொடுத்து வெற்று ஓரங்களை வெட்டுங்கள். பிறகு அதே மெனுவில் கேன்வாஸ் சைஸ். அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் சங்கிலியைப் பிரித்துவிட்டு இரண்டையும் பெரிய எண்ணுக்குச் சமமாக்குங்கள், சென்டர் அழுத்துங்கள், லேயர்களின் அளவையும் மாற்றச் சொல்லும் தேர்வில் ஆல் லேயர்ஸ் என்று வையுங்கள். அந்தக் கடைசித் தேர்வை விட்டுவிட்டால் கேன்வாஸ் மட்டும் சதுரமாகி லேயர் பழைய அளவிலேயே இருக்கும், ஐசிஓ ஏற்றுமதி லேயரின் அளவைத்தான் பார்க்கும்.

ஓரத்தில் கொஞ்சம் காற்று விடுங்கள். ரொம்ப விட்டால் பக்கத்து ஐகான்களைவிட உங்களுடையது சின்னதாகத் தெரியும், 256 அளவில் ஒவ்வொரு பக்கமும் 8 பிக்சல் அளவுக்கு விட்டால் எனக்குச் சரியாக இருந்தது.

5. அளவுகளைச் செய்யுங்கள்

உயிர்நாடியான படி இதுதான், அவசரப்படாதீர்கள்.

16, 24, 32, 48, 256. இந்த ஐந்தும் கட்டாயம். திரையின் ஸ்கேலிங் (எழுத்தையும் படங்களையும் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுவது என்ற அளவு) 100 சதவீதத்தில் இருக்கும்போது தேவைப்படுபவை இவை. ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பலவும் 125 அல்லது 150 சதவீதத்தில்தான் ஓடுகின்றன. 125 இல் 16 இருக்கும் இடம் 20 ஆகும், 24 இருக்கும் இடம் 30, 32 இருக்கும் இடம் 40. 150 இல் 24, 36, 48. 200 இல் 32, 48, 64. என் திரையில் அழகாகத் தெரிந்தது அம்மாவின் திரையில் மங்கியதற்குக் காரணமே இதுதான். நான் 48 ஒன்றை மட்டும் வைத்திருந்தேன், அவருடைய கணினி எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று 150 இல் வைக்கப்பட்டிருந்தது, டெஸ்க்டாப்பில் 48 க்குப் பதில் 72 கேட்டிருக்கிறது, 48 ஐப் பிடித்து இழுத்திருக்கிறது. யாருடைய கணினிக்காகச் செய்கிறீர்களோ அதில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் ஸ்கேல் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். நான் இப்போது 16, 20, 24, 32, 40, 48, 64, 72, 96, 256 என்று பத்தையும் போட்டுவிடுகிறேன், கோப்பு ஒன்றும் பெரிதாகிவிடுவதில்லை.

செய்யும் முறை: சதுரமாக்கிய அந்தப் பெரிய லேயரை நகல் எடுங்கள் (லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர்). நகலைத் தேர்ந்து, அதே மெனுவில் ஸ்கேல் லேயர் போய் 96 ஆக்குங்கள். மறுபடி பெரிய லேயரையே நகலெடுத்து 72. மறுபடி பெரியதிலிருந்தே 64. இப்படியே 16 வரைக்கும். ஏற்கெனவே சுருக்கிய 96 ஐ எடுத்து 48 ஆக்கி, அந்த 48 ஐ 24 ஆக்கி என்று படிப்படியாக இறங்காதீர்கள், ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் கூர்மை போகும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பெரிய லேயரையே 256 ஆக்கிவிடுங்கள். ஐசிஓவில் 256 தான் உச்சம், அதற்கு மேல் வைத்துப் பயனில்லை.

இமேஜ் மெனுவில் இருக்கும் ஸ்கேல் இமேஜைத் தொடாதீர்கள். அது எல்லா லேயர்களையும் சேர்த்துச் சுருக்கிவிடும். வேண்டியது லேயர் மெனுவில் இருக்கும் ஸ்கேல் லேயர்.

சரி, இப்போது 16, 20, 24 மூன்றையும் தனித்தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள், 800 சதவீதம் வரைக்கும். பல்பின் இழை சாம்பல் கறையாகியிருக்கும். ஸ்டெதாஸ்கோப்பின் குழாய் இரண்டு பிக்சலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மங்கியிருக்கும். பென்சில் கருவியை எடுத்து ஒரு பிக்சல் அளவில் வைத்து, தேவையில்லாத விவரங்களை அழித்துவிடுங்கள், வெளிவடிவத்தைக் கெட்டியாக்குங்கள். இழை வேண்டாம், மஞ்சள் உருண்டையும் கீழே சாம்பல் அடியும் இருந்தால் பல்புதான். ஒரு கோடு ஒரு பிக்சலில் முழுதாக நிற்கட்டும், இரண்டு பிக்சலில் பாதிப் பாதியாக வேண்டாம். பத்து நிமிடம் இதில் செலவழித்துப் பாருங்கள், ஆன்லைன் மாற்றி கொடுக்கும் ஐகானுக்கும் உங்களுடையதற்கும் இருக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இது.

மூலப்படம் பிக்சல் ஓவியம் என்றால் மட்டும் விதிவிலக்கு. ஸ்கேல் லேயரில் இன்டர்போலேஷனை (இடைப்புள்ளிகளை ஊகித்து நிரப்பும் முறை) நன் (None) என்று வைத்து, இரட்டிப்பு, மும்மடங்கு என முழு எண் மடங்குகளில் மட்டும் பெரிதாக்குங்கள்.

6. ஐசிஓவாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்

முதலில் வேலைக் கோப்பைக் கிம்ப்பின் சொந்த வடிவத்தில் சேமியுங்கள், ஃபைல் மெனுவில் சேவ். அப்புறம் அதே மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ். பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைத்து ஐ, சி, ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் தட்டினால் போதும், கிம்ப் புரிந்துகொள்ளும்.

லேயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும் ஒரு சன்னல் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் 32 பிட், 8 பிட் ஆல்ஃபா, பேலட் இல்லை என்ற தேர்வே இருக்கட்டும். மற்ற தேர்வுகள் நிறங்களைக் குறைத்துவிடும், விளிம்புகள் ரம்பம் போல ஆகும். 256 அளவுக்கு மட்டும் கம்ப்ரெஸ்டு என்ற பெட்டியில் குறியிடுங்கள். அது பிஎன்ஜி முறையில் உள்ளே அடக்கும். குறியிடாமல் விட்டால் அந்த ஒரு அளவே சுமார் 270 கேபி பிடிக்கும், குறியிட்டால் பெரும்பாலும் சில பத்து கேபியில் முடிந்துவிடும். பழைய மென்பொருள்கள் சிலவற்றில் இது திறக்காமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த முறை ஆதரிக்கப்படுகிறது, ஆகவே கவலைப்படாமல் எக்ஸ்போர்ட் அழுத்துங்கள்.

சரிபார்க்க, வந்த ஐசிஓ கோப்பைக் கிம்ப்பிலேயே மறுபடி திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் அளவுகள் ஒவ்வொன்றும் ஒரு லேயராக விரியும். பத்து போட்டிருந்தால் பத்தும் தெரிய வேண்டும்.

பெயரை மட்டும் மாற்றுவது மாற்றமாகாது. பிஎன்ஜி கோப்பின் பின்னொட்டை அழித்துவிட்டு ஐசிஓ என்று எழுதினால் உள்ளே இருப்பது பிஎன்ஜியேதான். "இந்தக் கோப்பில் ஐகான்கள் இல்லை" என்று விண்டோஸ் கையை விரித்துவிடும்.

7. ஆன்லைன் மாற்றி போதாதா?

அவசரத்துக்குப் போதும். பிஎன்ஜியை ஏற்றினால் சில நொடியில் ஐசிஓ தரும் தளங்கள் நிறைய. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். பல தளங்கள் ஒரே ஒரு அளவை மட்டும் வைத்துக் கொடுக்கின்றன, எனக்கு இரண்டாம் நாள் நடந்தது அதுதான், ஆகவே பல அளவுகளைத் தேர்ந்தெடுக்க விடும் தளமா என்று பாருங்கள், வந்த கோப்பைக் கிம்ப்பில் திறந்து எண்ணிவிடுங்கள். அடுத்து, குழந்தைகளின் முகம், வீட்டுப் படங்கள் போன்றவற்றை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றாதீர்கள், அந்தப் படம் அங்கே எவ்வளவு நாள் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. மூன்றாவது, அந்தப் பக்கங்களில் டவுன்லோடு என்று எழுதிய விளம்பரப் பொத்தான்கள் இருக்கும். உங்களுக்கு வர வேண்டியது ஐசிஓ அல்லது ஒரு ஜிப். நிறுவச் சொல்லும் இஎக்ஸ்இ கோப்பு வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

கமாண்ட் எழுதிப் பழகியவர்கள் இமேஜ்மேஜிக் பயன்படுத்தலாம், ஒரே வரியில் எல்லா அளவுகளையும் செய்துவிடும், ஐம்பது ஐகான் செய்ய வேண்டியிருந்தால் அதுதான் வழி. சின்ன அளவுகளைக் கையால் திருத்தும் வாய்ப்பு மட்டும் அதில் கிடைக்காது.

8. நிரந்தரமான இடத்தில் வைத்துவிட்டு, பிறகு பொருத்துங்கள்

"மறுபடி மஞ்சளாகிவிட்டது" என்று ஃபோன் வந்ததற்குக் காரணம் இது. ஃபோல்டரோ ஷார்ட்கட்டோ ஐகானைத் தனக்குள் எடுத்துக்கொள்வதில்லை, அது எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்கிறது. நான் எல்லாவற்றையும் டவுன்லோட்ஸில் வைத்துப் பொருத்தியிருந்தேன், அம்மா ஒரு நாள் டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்தார், முகவரியில் ஆளில்லை. பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஐகான்களுக்கென்றே ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். பென் டிரைவிலிருந்து நேராகப் பொருத்தாதீர்கள், கழற்றியதும் போய்விடும்.

ஃபோல்டருக்கு: ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான், பிரௌஸ், உங்கள் ஐசிஓ, ஓகே, அப்ளை. அதே பக்கத்தில் சூஸ் ஃபைல் என்று இன்னொரு பொத்தான் இருக்கும், அது வேறு, ஃபோல்டருக்குள்ளிருந்து ஒரு படம் எட்டிப்பார்ப்பது போலக் காட்டுவது. உங்களுக்கு வேண்டியது சேஞ்ச் ஐகான். மாற்றிய பிறகு ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் ஐஎன்ஐ என்ற மறைவான கோப்பு ஒன்று உருவாகும். முகவரி எழுதியிருப்பது அதில்தான், கண்ணில் பட்டால் அழித்துவிடாதீர்கள்.

ஷார்ட்கட்டுக்கு: பிராபர்ட்டீஸில் ஷார்ட்கட் பக்கம், சேஞ்ச் ஐகான். இணையதளத்துக்கான ஷார்ட்கட் என்றால் வெப் டாக்குமெண்ட் என்ற பக்கத்தில் அதே பொத்தான் இருக்கும். டாஸ்க்பாரில் வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஐகானை மாற்றுங்கள், பிறகு பின் (Pin) செய்து அங்கே நிலையாக வையுங்கள், ஏற்கெனவே பின் செய்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

திஸ் பிசி, ரீசைக்கிள் பின்: செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், தீம்ஸ், டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ். ரீசைக்கிள் பின்னுக்கு நிறைந்தது, காலியானது என்று இரண்டு ஐகான் வேண்டும். அங்கே கீழே தீம்கள் ஐகானை மாற்ற அனுமதிக்கும் ஒரு பெட்டி இருக்கும், அதிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தீம் மாற்றும் நாளில் உங்கள் ஐகான் போய்விடும்.

பொருத்தியதும் டெஸ்க்டாப்பில் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டுங்கள். ஐகான்கள் சிறிதாகிப் பெரிதாகும். ஒவ்வொரு அளவிலும் கூர்மையாக இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடலாம்.

9. மாற்றியும் பழைய ஐகானே தெரிகிறதா?

வேகத்துக்காக விண்டோஸ் ஐகான்களை ஒரு தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. திருத்திய ஐசிஓவைப் பழைய பெயரிலேயே மேலெழுதிச் சேமித்தால் அது இன்னும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுங்கள், சரியாகாவிட்டால் கணினியையே மறுதொடக்கம் செய்யுங்கள். எனக்குப் பிடித்த வழி இன்னும் எளிது: ஒவ்வொரு திருத்தத்துக்கும் பல்பு 1, பல்பு 2 என்று புதுப் பெயர் கொடுத்துப் பொருத்திவிடுவது. பழைய நினைவு என்ற பேச்சே வராது.

10. மேக் வைத்திருப்பவர்களுக்கு

3, 4 ஆம் படிகள் அப்படியே. அதன்பின் உங்களுக்கு வேலை மிகக் குறைவு, ஐசிஓ தேவையே இல்லை. சதுரமான, பின்னணி இல்லாத 1024 பிக்சல் பிஎன்ஜி போதும். பிரிவ்யூவில் அதைத் திறந்து நகலெடுங்கள் (கமாண்ட், சி). ஃபோல்டரையோ கோப்பையோ தேர்ந்து கமாண்ட், ஐ அழுத்துங்கள். திறக்கும் சன்னலின் மேலே இடது ஓரத்தில் இருக்கும் சின்ன ஐகானைச் சொடுக்கினால் அது தேர்வானது தெரியும், அப்போது கமாண்ட், வி. கீழே பெரிதாகத் தெரியும் முன்னோட்டப் படத்தைச் சொடுக்கினால் எதுவும் நடக்காது. படத்தைத் திறக்காமல் ஃபைண்டரில் கோப்பையே நகலெடுத்து ஒட்டினால் படத்துக்குப் பதில் அந்தக் கோப்பின் பொதுவான ஐகான் வந்து ஒட்டிக்கொள்ளும், நிறைய பேர் இதில் மாட்டுகிறார்கள். பழையபடி ஆக்க, அதே சின்ன ஐகானைத் தேர்ந்து டெலிட்.

மேக்கில் தனி ஆவணத்துக்கும் ஐகான் மாற்றலாம். இயங்குதளத்தோடு வரும் செயலிகளுக்கு முடியாது. நீங்கள் நிறுவிய செயலிக்கு மாற்றினால் அடுத்த அப்டேட்டில் பழையது திரும்பக்கூடும், அதனால் பிஎன்ஜியைப் பத்திரமாக வையுங்கள்.

சொந்தமாகச் செயலி எழுதுபவர்களுக்கு மட்டும் ஐசிஎன்எஸ் (மேக்கின் ஐகான் கோப்பு வகை) வேண்டும், 16 முதல் 1024 வரையிலான பிஎன்ஜிகளை ஒரு ஐகான்செட் ஃபோல்டரில் வைத்தால் மேக்கிலேயே இருக்கும் ஐகான்யூட்டில் கருவி கட்டித் தரும்.

11. லினக்ஸில்

இங்கேயும் ஐசிஓ வேண்டாம், பிஎன்ஜி அல்லது எஸ்விஜி. நீங்களே வரைந்ததென்றால் எஸ்விஜி கொடுங்கள், கோடுகளால் ஆனது என்பதால் எந்த அளவிலும் மங்காது. லினக்ஸின் டெஸ்க்டாப் வகைகளில் ஒன்றான நோமில் ஃபோல்டரின் பிராபர்ட்டீஸைத் திறந்து ஐகானைச் சொடுக்கினால் படத்தைக் கேட்கும். செயலிகளுக்கு அதன் டெஸ்க்டாப் கோப்பில் ஐகான் என்று தொடங்கும் வரியில் படத்தின் முழு முகவரியை எழுத வேண்டும். பெயர் மட்டும் எழுதுவதென்றால் பின்னொட்டு வேண்டாம், படம் உங்கள் ஐகான் ஃபோல்டரில் ஹைகலர் என்பதற்குள் அளவுவாரியாக இருக்க வேண்டும்.

12. எவற்றை வைத்துக்கொள்ள வேண்டும்

ஒவ்வொரு ஐகானுக்கும் மூன்று கோப்புகளைத் தூக்கிப்போடாதீர்கள்: மூலப்படம், லேயர்களோடு இருக்கும் கிம்ப் கோப்பு, கடைசி ஐசிஓ. கிம்ப் கோப்பு இல்லையென்றால் நிறத்தை லேசாக மாற்ற நினைத்தாலும் பத்து அளவையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

படம் உங்களுடையது இல்லையென்றால் அதன் உரிமத்தையும் ஒரு குறிப்பாகக் கூடவே எழுதி வையுங்கள். இலவசம் என்று போட்டிருக்கும் ஐகான்கள் பலவற்றுக்கு வரைந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக் கணினியில் வைக்கும்போது இது எழாது. நாளைக்கு அதே ஐகானை நீங்கள் எழுதிய மென்பொருளில் வைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது கட்டாயம் எழும், அப்போது எங்கிருந்து எடுத்தோம் என்று நினைவு இருக்காது.

கணினியை மாற்றும்போது ஐகான் ஃபோல்டரை அதே பெயரில், அதே இடத்தில் முதலில் நகலெடுத்துவிட்டு, அதன்பிறகு மற்ற ஃபோல்டர்களைக் கொண்டுபோங்கள். பயனர் பெயர் மாறினால் முகவரியும் மாறிவிடும். அப்படி மாறியிருந்தால் 8 ஆம் படியை மட்டும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், ஒரு ஃபோல்டருக்கு அரை நிமிடம்.